பெட்டிக்கு வெளியே பச்சைப் பொட்டு

டொராண்டோவுக்குப் போய்விட்டு நயாகரா பார்க்காமல் திரும்பிய ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மைதான். மூன்று வாரம் இருந்தும் அருவிப் பக்கம் போகவில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்நகரின் வோபர்ன் என்ற பகுதியில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அறையை. அதை மூடவிடாமல் காப்பாற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் விருத்தாசலம் பக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதுதான் இப்போது என் வேலை, பொழுதுபோக்கு, வியாதி எல்லாம். தாலுகா ஆபீஸில் என் தலை தெரிந்தாலே "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள். இருபது வருடமாக நானும் அந்த நாளைக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். அரசாங்கம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மக்களைக் கேட்டு நடக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பேசும் மாநாடு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பத்து நிமிடம். தங்குவதற்கு ஓட்டலுக்குப் பதிலாக ஒரு தமிழ்க் குடும்பத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா பெயர் ரெஜினா. மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை. மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். கதவைத் திறந்ததும், "வாங்கோ அண்ணை, குளிருக்கை நிக்காதேங்கோ" என்றார். அவருக்குப் பின்னால் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணவர் ஞானப்பிரகாசம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபோம் கொண்டந்தனீரோ?" என்று கேட்டார்.

எந்த விண்ணப்பம் என்று தெரியாமல் முழித்தேன். "ஓமப்பா, நாளைக்குத் தருவார்" என்று ரெஜினா பதில் சொல்லி, என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புட்டும் மீன் குழம்பும் சொதியும் வைத்தார். விமானத்தில் கொடுத்த ரப்பர் ஆம்லெட்டுக்குப் பிறகு அந்தக் குழம்பில் எனக்குக் கண்ணீர் வந்தது, பாதி காரத்தால். சாப்பிடும்போதுதான் கதை சொன்னார். எண்பதுகளில் வந்தவர் ஞானம் அண்ணை. முதலில் இதே நகரில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற இடத்தில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு இருந்தவர். இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று அகதி விண்ணப்பம், வேலை விண்ணப்பம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பம் எல்லாவற்றையும் சனம் அவரிடம்தான் கொண்டுவந்ததாம். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. இப்போது ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது.

"முதல் போனது இங்கிலிஷ்தான் அண்ணை. இப்ப தமிழ் மட்டும்தான் மிச்சம்" என்றார் ரெஜினா.

ரெஜினா வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் ஞானம் அண்ணை இருப்பது அந்தக் கீழ்த்தள அறையில். அவரைப் போல் ஞாபகம் தவறிய தமிழ்ப் பெரியவர்கள் இருபது பேர் வருவார்கள். தமிழ் பேசும் இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு அந்த அறையை நடத்தியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். லிப்ட்டுக்குப் பக்கத்தில் அது ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த அறையை இனி எதற்குப் பயன்படுத்தலாம், வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று.

"உந்த றூமைப் பூட்டினால் நான் இவரை வயசுபோன ஆக்களின்ர ஹோமில விடோணும்" என்றார் ரெஜினா. "ஹோமில தமிழ் கதைக்க ஒருத்தரும் இல்லை. தண்ணி வேணுமெண்டு இவர் ஆரிட்டைக் கேக்கிறது?"

மறுநாள் மாநாட்டுக்குக் கிளம்பினேன். ரெஜினா எழுதிக்கொடுத்த எண் போட்ட பஸ்ஸில்தான் ஏறினேன். எதிர்த்திசையில் போகிற பஸ் என்பது முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது. பக்கத்து சீட்டுக் கறுப்பினப் பெண்மணி என் காகிதத்தை வாங்கிப் பார்த்து, "நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஐயா" என்றார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்று கையைக் காட்டி விளக்கினார். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு மைக்கில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊர் நடத்துநரிடம் இதைச் சொன்னால் எனக்குக் கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் கிழிப்பார்.

மாநாட்டில் எங்கள் ஊர்க் கிராம சபைக் கதையைச் சொன்னேன். கூட்டம் தொடங்கும் முன்பே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தீர்மானத்தைப் பிறகு, கையெழுத்துக்கு மேலே எழுதிக்கொள்வார்கள். இரண்டரை வருடம் மனுவும் மேல்முறையீடுமாக அலைந்து நான் அந்தத் தீர்மானப் புத்தகத்தின் நகலை வாங்கினேன். வெட்டாத வாய்க்காலை வெட்டியதாகச் சொல்லும் தீர்மானத்தின் கீழே என் கையெழுத்தே இருந்தது. சபை சிரித்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. மதியம் ஈரமில்லாத ரொட்டிக்கு நடுவில் குளிர்ந்த கோழி கொடுத்தார்கள். அதையும் சந்தோஷமாகத்தான் தின்றேன்.

அன்று சாயங்காலம் ஒரு நூலகத்துக்குள் போனேன். அங்கிருந்த கணினியில், இந்த ஊரின் ஏதோ ஒரு குழு எப்போதோ கூடிப் பேசியதைத் தேடினேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள், யார் எப்படி வாக்களித்தார்கள், வீடியோ உட்பட. நான் என்ன கேட்டுக் கால் தேய்ந்தேனோ அது இங்கே யாரும் கேட்காமலே சும்மா கிடக்கிறது. பக்கத்தில் ஒரு மாணவி பயந்துபோய் "நலமா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பக்கங்களை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

கருத்துக் கேட்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் ரெஜினா என்னிடம் வந்தார். "நீங்கள் உந்த விசயங்களில பழகின ஆள். நாளைக்கு நாங்கள் என்ன செய்யிறது அண்ணை?"

மேடையில் கைதட்டு வாங்கியவன் இல்லையா? அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. "அவங்க காட்டுற இடத்துல மட்டும் கை வைக்காதீங்கம்மா" என்றேன். "அவங்க எழுதி வச்சிருக்கிற எதுக்குக் கீழயும் உங்க அடையாளம் இருக்கக் கூடாது. துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுக்கவே கூடாது, அது காணாமப் போயிடும். எல்லாரும் பார்க்கிற மாதிரி, வெளியில, ஒண்ணா போடுங்க." இது நான் அடிபட்டுக் கற்றது. ரெஜினா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு அப்படியே சொன்னார்.

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. காப்பி, உருண்டை உருண்டையாக டோனட், சக்கர நாற்காலி வர வழி, மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், எல்லாம் தயார். அமைப்பின் சார்பில் மிஷேல் என்ற இளம்பெண் வந்திருந்தாள். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டு வரவேற்றாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் பெரிய பலகை. அதில் நான்கு பெட்டி, நான்கு படம். மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்ய மேசைகள். சமையல் வகுப்பு. குழந்தைகள் விளையாடுமிடம். யோகா. ஒவ்வொருவருக்கும் மூன்று பச்சைப் பொட்டுக் கொடுத்தார்கள். பிடித்த படத்தில் ஒட்ட வேண்டும். அறை இப்போது இருப்பது போலவே இருக்கட்டும் என்பதற்குப் பெட்டி இல்லை. மேசை மேல் மஞ்சள் துண்டுச்சீட்டும் ஒரு கண்ணாடி ஜாடியும் இருந்தன.

பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதற்கு இது கொஞ்சம் அழகான வழி, அவ்வளவுதான் என்று ரெஜினாவிடம் முணுமுணுத்தேன். அவர் முதல் ஆளாகப் போய், பெட்டிகளுக்கு வெளியே இருந்த வெள்ளை ஓரத்தில் தன் மூன்று பொட்டையும் ஒட்டினார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். பெரியவர்கள், அவர்களுடைய மனைவிமார், மகன், மருமகள். ஓரம் முழுக்கப் பச்சை. பெட்டிகளுக்குள் ஒட்டியது கட்டடத்தின் வேறு சிலர் மட்டும்.

"உள்ள போடுங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. ஞானம் அண்ணைதான். கோட்டும் பேனாவுமாக நின்று, கணக்கு வாத்தியார் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். "பெட்டிக்குள்ள போடுங்கோ. வெளியில போட்டால் அவங்கள் எடுக்கமாட்டாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஓமப்பா, ஓம்" என்றார் ரெஜினா. ஞானம் அண்ணை தன் பொட்டு ஒன்றை எடுத்து, பேனாவால் அதில் குட்டியாக 'ஞா' என்று எழுதினார். அந்தக் காலத்தில் தான் நிரப்பிய எல்லா விண்ணப்பத்தின் மூலையிலும் அப்படிப் போடுவாராம். ஒட்டுவதற்குப் பலகைப் பக்கம் போனார். அந்த நேரம் மிஷேல் என்னிடம் வந்து, இத்தனை பேர் ஆர்வமாகக் கலந்துகொண்டதை இதுவரை கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பக்கத்துக் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்து கொண்டாடினோம். ஞானம் அண்ணையின் கோட்டுப் பையில் மிச்சம் இரண்டு பொட்டு ஒட்டாமல் இருந்ததை ரெஜினா அன்று மாலை கண்டெடுத்துச் சிரித்தார்.

அடுத்த இரண்டு வாரம் நன்றாகப் போனது. முதல் பனி விழுந்தது. ஒரு நாள் அழகு, மறுநாள் சேறு. ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய், முழந்தாளிடும் நேரம் தெரியாமல் நின்று மானம் போனது. பகலில் அந்த அறையில் ஒத்தாசைக்குப் போனேன். ஞானம் அண்ணை தினமும் என்னை எதிரில் உட்கார வைத்து, பழைய பத்திரிகையின் ஓரத்தில் எனக்காக விண்ணப்பம் நிரப்புவார்.

"பிறந்த திகதி?"

சொல்வேன்.

"ஊரில ஆர் இருக்கினம்?"

சொல்வேன்.

"திரும்பிப் போனால் உமக்கு என்ன நடக்கும்? அதை வடிவாச் சொல்லும். அதுதான் முக்கியம்."

அதற்கு மட்டும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பதில் வராது. அவர் பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருப்பார்.

பிறகு அறிக்கை வந்தது. தலைப்பு: 'நாங்கள் கேட்டவை'. இணையத்தில் போட்டு, கட்டடத்திலும் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். வழவழத் தாள், நிறைய நிறம், எங்கள் பெரியவர்கள் டோனட் தின்னும் படம். பங்கேற்பு மிகச் சிறப்பாக இருந்ததாம். அதிகம் பேர் விரும்பியது சமையல் வகுப்பாம், ஏழு பொட்டு. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், பெட்டிகளுக்கு வெளியே ஒட்டியவை சேர்த்துக்கொள்ளப்படவில்லை, இந்த விதி அறிவிப்பிலும் பலகையிலும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது என்று இருந்தது.

லிப்ட்டுக்கு ஓடினேன். அந்தப் பழைய அறிவிப்பு இன்னும் அங்கேயே ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அதைக் கடைசி வரி வரை படித்தேன். விதி இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. இவை எதுவும் வேண்டாம் என்பவர்கள் மஞ்சள் சீட்டில் எழுதி ஜாடியில் போடவும். சீட்டுகள் ஒன்றுவிடாமல் அமைப்பின் இயக்குநர் குழுவின் முன் வைக்கப்படும். தமிழிலும் இருந்தது. சொன்னபடி குழுவின் முன் வைத்தும் இருக்கிறார்கள் என்று அறிக்கை சொன்னது. ஜாடியில் இருந்தது மொத்தம் இரண்டு சீட்டு. இரண்டும் கார் நிறுத்துவதைப் பற்றி.

ஊரில் ஒரு காகிதம் விடாமல் படிக்கிறவன் நான். புள்ளி, கமா பார்ப்பவன். இங்கே கண் முன்னால் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. அரசாங்கம் ஒட்டுகிற காகிதத்தில் உண்மை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அறையை மூடியதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெஜினாவிடம் மறைக்காமல் சொன்னேன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

"விடுங்கோ அண்ணை. தெரிஞ்சோ சொன்னனீங்கள்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. இயக்குநர் குழு கூடும் நாளில் பொதுமக்கள் யாரும் பெயர் கொடுத்து ஐந்து நிமிடம் பேசலாம். ரெஜினா அரை நாள் லீவு போட்டார். பேச்சை இங்கிலீஷில் எழுதி, அடுப்படியில் என்னை உட்கார வைத்து ஏழெட்டுத் தடவை பேசிப் பார்த்தார். ஒரு காலத்தில் இந்த ஊரில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுத்த ஆள் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் காலை பத்துக்கு. நாற்காலி, தண்ணீர், மைக், எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம். பேசத் தொடங்கினால் பச்சை விளக்கு, ஒரு நிமிடம் இருக்கும்போது மஞ்சள், முடிந்தால் சிவப்பு. ரெஜினா நிதானமாகப் பேசினார். என் கணவருக்கு இப்போது தமிழ் மட்டும்தான் தெரியும் என்றார். நாங்கள் வெளியே ஒட்டியது உங்களை மதிக்காமல் அல்ல, எங்களுக்கு வேறு இடம் தெரியவில்லை என்றார். என் பெயரை எடுக்கவில்லை. மஞ்சள் எரியும் முன்பே முடித்துவிட்டார்.

தலைவர் அம்மா மனதாரத்தான் நன்றி சொன்னார். உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இங்கே வந்து பேசுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியும்" என்றார் இன்னொருவர். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை. கை தூக்கினார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. ரெஜினா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். ஆண்டு முடிவோடு அறை மூடப்படும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் காற்று முகத்தை அறைந்தது. "எல்லாரும் நல்ல ஆக்கள், என்ன?" என்றார் ரெஜினா. கேலியாகச் சொல்லவில்லை. ஊரில் எனக்கு எதிரி உண்டு. பொய் சொல்பவன், புத்தகத்தை ஒளிப்பவன், என் சைக்கிளை ஏரியில் தள்ளிவிட்டவன். அவனைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் இத்தனை வருடம் ஓடினேன். கதவைத் திறந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இங்கே எல்லாக் கதவும் திறந்திருந்தது. அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால், நான் இனி எதைக் கேட்டு மனுப் போடுவது?

ஆனாலும் பழக்கம் விடவில்லை. கிளம்புவதற்கு முன், அந்தக் கருத்துக் கேட்பு சம்பந்தப்பட்ட எல்லா ஆவணமும் வேண்டும் என்று அங்கேயும் ஒரு மனுப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கேட்டது எல்லாம், ஒரு பக்கம் விடாமல். கறுப்பு மை பூசி மறைத்த வரி ஒன்றுகூட இல்லை. மிஷேலின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "வெளியே ஒட்டியவற்றை என்ன செய்வது? இவர்கள் ஏதோ சொல்ல வருகிறார்கள்." அதற்குக் கீழே மேலதிகாரி "விதிப்படி" என்று எழுதியிருந்தார். அதையும் கொடுத்துவிட்டார்கள். என் வாழ்நாளில் எந்த அரசாங்கமும் எனக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. மேல்முறையீடு செய்ய அதில் ஓட்டையே இல்லை.

ரெஜினாவுக்குப் போன் போட்டேன். அறை மூடியாகிவிட்டது. ஞானம் அண்ணை மார்க்கம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ஹோமில் இருக்கிறார். ரெஜினா வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போகிறார். "சுத்தமான இடம் அண்ணை. நல்லாப் பாக்கினம். ஆனா இப்ப தமிழும் குறைஞ்சு போச்சு. கதைக்க ஆள் இல்லாட்டி நாக்கு ஏன் வேலை செய்யப் போகுது."

பலகையின் போட்டோவும் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"அவற்ற பொட்டு தெரியுதோ? அண்டைக்கு ஆற்றயும் உதவி இல்லாமத் தானே ஒட்டினவர். அதுக்குப் பிறகு அவர் தனியாச் செய்தது ஒண்டுமில்லை."

படத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளை ஓரம் முழுக்க எங்கள் பச்சைப் பொட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அவற்றில் 'ஞா' இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சமையல் வகுப்புப் பெட்டியின் உள்ளே, நட்ட நடுவில், கொஞ்சமும் கோணாமல் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அதன் மேல் பேனாவால் எழுதிய குட்டி 'ஞா'. அன்றைக்கு எங்கள் ஆட்கள் ஒட்டியதில் அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

"இருக்கும்மா" என்றேன். "தெளிவா இருக்கு."

"எங்கட ஆக்களோடயோ?"

"ஆமா. எல்லார்கூடவும்தான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அந்தப் படத்தை எனக்கு அனுப்புறீங்களோ அண்ணை? பெருசா அடிச்சு அவற்ற கட்டிலுக்குப் பக்கத்தில ஒட்டிவிடுறன்" என்றார்.

"இங்க நெட் இல்லைம்மா" என்றேன். "நாளைக்கு அனுப்புறேன்."